சுவைஞன் கையில் நூல்: ரசிகமணி டி.கே.சி.யின் கம்பனும் போதகரின் திருமறையும்

கடையநல்லூரிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே மலைமுகட்டில் மேகம் கவியும்போது இவ்வூர்த் தெருக்களிலும் சாரலின் ஈரம் தெரியும். இப்பகுதியின் சிற்றூர்ச் சபைகளில் ஊழியம் செய்த ஆண்டுகளில், அருவியில் நீராடச் செல்லும் கூட்டத்தோடு நானும் பேருந்தில் ஏறுவதுண்டு. கூட்டம் அருவிக்குப் போகும்; நான் ஓர் அன்பரின் வீட்டுப் புத்தக அலமாரிக்குப் போவேன். அவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் நூல்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். 'இதய ஒலி'யையும் 'கம்பர் தரும் ராமாயணம்' என்னும் தொகுதிகளையும் ரசிகமணியின் கடிதங்களையும் நான் முதன்முதல் வாசித்தது அங்கேதான்.

அன்று தொடங்கிய வாசிப்பு இன்றுவரை நின்றபாடில்லை. அவரோடு உடன்பட்டும் முரண்பட்டும் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அந்த உடன்பாட்டையும் முரண்பாட்டையும் உடன் ஊழியர்முன்னும் இறையியல் மாணவர்முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கம்பனைப் பற்றிய கட்டுரைக்கு இவ்விதழில் இடமென்ன என்று வாசகர் வினவலாம். இறுதிவரை பொறுமையுடன் வாசிப்பாராயின், கேள்வி கம்பனோடு நிற்பதன்று என்பதை அவரே காண்பார். நூலை வாசிப்பவனின் சுவை அந்நூலுக்கு நீதிபதியாகலாமா என்பதே கேள்வி.

1. வட்டத்தொட்டியின் முறை

டி.கே.சி. சட்டம் பயின்றவர், ஆயினும் வழக்காடு மன்றத்தை நாடாதவர். சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகவும், இந்து அறநிலையத் துறையில் ஆணையராகவும் பணியாற்றினார். ஆனால் தமிழ்நாடு அவரை நினைவில் வைத்திருப்பது இப்பதவிகளுக்காக அன்று. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய இல்லத்தின் தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலைகளில் அன்பர் சிலர் கூடிக் கவிதை பேசினர். அக்கூட்டத்திற்கு 'வட்டத்தொட்டி' என்பது பெயராயிற்று. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது வட்டத்தொட்டியும் அவரோடு குடிபெயர்ந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தினராயினர். நீதிபதி எஸ். மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அங்கே பயின்ற இரசனையைப் பின்னாளில் நாடெங்கும் கொண்டுசென்றனர். கரிசல் நாட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணனும் ரசிகமணிக்குத் தாம் பட்ட கடனை மறைத்ததில்லை. 1954 பிப்ரவரி 16ஆம் நாள் டி.கே.சி. மறைந்தார்.

வட்டத்தொட்டியின் முறை மிக எளியது. ஒரு பாடலை எடுத்துக்கொள்வார், வாய்விட்டுச் சொல்லுவார், திரும்பவும் சொல்லுவார். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் தாழவேண்டும், எந்த அடியில் உணர்ச்சி மேலெழுகிறது என்பதைக் குரலாலேயே காட்டுவார். பாடலின் பொருள் இன்னது என்று உரைப்பதற்கு முன்னரே, கேட்டவர்க்கு அது விளங்கியிருக்கும். கவிதைக்கு உணர்ச்சியும் உருவமும் உயிரும் உடலும் போன்றவை என்பது அவர் கொள்கை. உருவம் அமையாதது கவியன்று, செய்யுள் மட்டுமே. இலக்கண நூல்களையும் நிகண்டுகளையும் அடுக்கிவைத்து ஒரு பாடலைப் பிளந்து காட்டுவது புலமையாகலாம். அது கவிதையை அறிவதாகாது என்று அவர் ஓயாது வற்புறுத்தினார்.

இக்கொள்கை அக்காலத்தில் ஒரு கலகமாகவே தோன்றியது. தமிழ் கற்றோர் எனப்படுவோர் ஒருசிலர், மற்றோர் கேட்டுத் தலையசைப்போர் என்றிருந்த நிலையில், வேளாளரும் வணிகரும் அலுவலகத்து எழுத்தரும் கம்பனை நேரே அணுகலாம் என்று அவர் சொன்னார். புலவர்க்கும் பொதுமக்களுக்கும் இடையே நின்ற மதிலில் ஒரு வாயிலைத் திறந்தார் என்பது மிகையன்று. எந்த விசுவாசியும் இடையீட்டாளரின்றித் திருமறையை வாசிக்கலாம் என்னும் சீர்திருத்தச் சபைகளின் மரபில் வளர்ந்த நமக்கு, இச்செயலின் பெருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2. நமக்கு அவர் கற்பித்தது

போதகராகிய நான் அவரிடம் முதலாவதாகக் கற்றது, வாசிப்பு என்பது செவியின் வேலையும் ஆகும் என்பதே.

நம் ஆலயங்களில் திருமறைப் பாடம் வாசிக்கப்படும் முறையை எண்ணிப் பாருங்கள். அருளுரைக்கு ஒரு வாரம் ஆயத்தம் செய்கிறோம். பாட வாசிப்புக்கோ ஐந்து நிமிடமும் செலவிடுவதில்லை. ஆராதனை தொடங்குமுன் கையில் அகப்பட்டவரிடம் அதிகாரத்தைக் குறித்துக் கொடுத்துவிடுகிறோம். அவர் மூச்சு விடுமிடத்தில் வாக்கியம் முடிகிறது. வாக்கியம் முடியுமிடத்தில் அவர் மூச்சு விடுவதில்லை. ஏசாயாவின் நாற்பதாம் அதிகாரமும் எண்ணாகமத்தின் குடிக்கணக்கும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. சபையார் கண்ணை மூடிக் கேட்கின்றனர் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கண்ணை மட்டுமே மூடியிருந்தால் நன்று.

டி.கே.சி.யை வாசித்தபின் நான் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். ஞாயிறு பாடத்தைச் சனிக்கிழமை இரவில் மும்முறை உரக்க வாசிப்பேன். முதல்முறை சொற்களுக்காக, இரண்டாம்முறை வாக்கியத்தின் ஓட்டத்துக்காக, மூன்றாம்முறை, இதைப் பேசியவர் யார், யாரிடம், எந்த நிலையில் பேசினார் என்பதற்காக. விளக்கவுரை நூல்களைத் திறவாமலேயே பாதி விளக்கம் இவ்வாறு கிடைத்ததுண்டு. யோனாவின் நூலில் நகை உண்டு என்பதையும், பிலேமோனுக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் எத்துணை நயமாக நெருக்குகிறார் என்பதையும் என் செவியே எனக்குச் சொல்லித் தந்தது. இன்றும் மாணவர்க்கு நான் சொல்லும் முதல் அறிவுரை இதுவே.

இரண்டாவதாக, கருத்துச் சொல்ல அஞ்சாமை. ஒரு நூல் பழையது என்பதனாலோ பெரியோர் புகழ்ந்தது என்பதனாலோ அது தமக்குச் சுவைத்தது என்று டி.கே.சி. ஒருநாளும் பொய்யுரைக்கவில்லை. பொய்ப் பக்தி வாசிப்பிலும் உண்டு. நம்மிற் பலர் உயர்ந்தவை என்று சபையில் கூறும் நூல்களுள் எத்தனையை உண்மையாகவே விரும்பி வாசித்திருக்கிறோம்? எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் நீண்ட வாக்கியங்களில் மூச்சுத் திணறியதாக ஒரு மாணவன் சொன்னால், அவனை நான் கடிந்துகொள்வதில்லை. திணறியவன் அந்நிருபத்தை வாசித்திருக்கிறான் என்பதாவது உறுதி.

3. கத்தரிக்கப்பட்ட காவியம்

இதுவரை உடன்பாடு. இனி முரண்பாடு.

கம்பராமாயணம் ஆறு காண்டங்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. ஏடுகளில் அது பலவாறு வேறுபட்டு வழங்கியது. இடையே பிறர் பாடல்கள் புகுந்தன. அவ்வாறு புகுந்தவற்றை 'வெள்ளிப் பாடல்கள்' என்று அழைக்கும் வழக்கும், அவற்றை வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர்மேல் ஏற்றிக் கூறும் மரபும் நெடுநாளாகவே உண்டு. ஆகவே கம்பனில் இடைச்செருகல் உண்டு என்று டி.கே.சி. கூறியது புதுமையன்று. புதுமையாவது, அவர் அதனைக் கண்டுபிடித்த கருவியே.

அக்கருவி ஏடு அன்று, அவருடைய உள்ளம். செவிக்கு இனிமையும் உள்ளத்துக்கு உணர்ச்சியும் தராத பாடல் கம்பனுடையதாக இருக்க முடியாது என்று அவர் முடிவுசெய்தார். சிலேடையும் மடக்கும் மிகுந்த பாடல்களும், நீண்ட வருணனைகளும், கதையை நகர்த்துவதற்கு மட்டுமே நிற்கும் பாடல்களும் ஆயிரக்கணக்கில் ஒதுக்கப்பட்டன. ஒதுக்கியதோடு அவர் நிற்கவில்லை. தாம் ஏற்றுக்கொண்ட பாடல்களிலும், ஒரு சொல் ஓசைக்கோ உணர்ச்சிக்கோ பொருந்தவில்லை என்று தோன்றினால், கம்பன் இவ்வாறுதான் பாடியிருப்பான் என்று திருத்தி அச்சிட்டார். புலவருலகம் கொதித்தெழுந்தது இதனாலேயே.

இதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்த மற்றொருவரை இங்கே நினையாதிருக்க முடியாது. எஸ். வையாபுரிப் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக விளங்கியவர். ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர். தாம் விரும்பியதை ஏடு கூறாவிடில், விருப்பத்தை அடக்கிக்கொண்டு ஏட்டின்வழி நிற்பது அவருடைய ஒழுக்கம். அவ்வொழுக்கத்தின் பயனாக அவர் கண்ட முடிவுகள் சில, தமிழன்பர் பலருக்குக் கசந்தன. ஆயினும் அவற்றை மறுக்க விரும்புவோர், அவர் காட்டிய அதே சான்றுகளை எடுத்து வாதாடலாம். டி.கே.சி.யின் முடிவை மறுக்க வேண்டுமானால் எதை எடுத்து வாதாடுவது? அவருடைய உள்ளத்தைத் திறந்து பார்க்க நம்மால் இயலாது. பிறரால் சோதித்தறிய இயலாத தீர்ப்பு, எத்துணை இனிமையாக வழங்கப்படினும், ஒருவருடைய விருப்பமாகவே நின்றுவிடும்.

இதைக் குறித்து எனக்குத் தெளிவு உண்டானது ஒரு நெசவாளரிடத்தில். கடையநல்லூரில் தறிநெய்து வாழ்ந்த இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் எனக்கு நண்பராயிருந்தார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். கம்பனின் நடையில் தோய்ந்து எழுந்த அக்காப்பியம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுடையது. டி.கே.சி.யின் முறையை ஒருநாள் அவரிடம் விரித்துச் சொல்லி, "சீறாவிலும் சிறந்த ஐந்நூறு பாடல்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டால் என்ன?" என்றேன். அவர் தறியிலிருந்த சேலையைக் காட்டினார். "ஐயரே, கரையும் முந்தியும்தான் பார்க்கிறவன் கண்ணில் படும். அதற்காக உடலை அறுத்துப் போட்டுவிட்டுக் கரையை மட்டும் கட்டிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார்.

காவியத்திலும் உடல் உண்டு. ஒரு பாத்திரம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதைக் கூறும் எளிய பாடல், தனியே எடுத்துச் சொன்னால் சுவைக்காது. அதுதான் அடுத்து வரும் பெரும் பாடலுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. பெருங்கவிஞன் ஒவ்வொரு பாடலிலும் உச்சியில் நிற்பான் என்று எதிர்பார்ப்பது, மலையில் பள்ளத்தாக்கே இருக்கலாகாது என்பதை ஒக்கும். டி.கே.சி. தந்த தொகுதிகளை நான் மகிழ்ந்து வாசித்தேன். ஆனால் அங்கே நான் கண்டது பெரும்பாலும் கம்பனை நேசித்த டி.கே.சி.யையே. கம்பன் என்னும் அந்நியனை, எனக்கும் அவருக்கும் பிடிக்காதவற்றையும் செய்யத் துணிந்த அந்தப் பழங்காலத்து மனிதனைச் சந்திக்க, முழு நூலுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

4. திருமறை வரலாற்றின் சாட்சி

இவ்வழக்கைத் திருச்சபை பலமுறை கேட்டிருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவன் எழுந்தான். அன்பின் கடவுளையே தான் நேசிப்பதாகச் சொன்னான். அவன் பழைய ஏற்பாட்டை முழுவதும் தள்ளினான்; நற்செய்திகளுள் லூக்காவை மட்டும் வைத்துக்கொண்டு அதனையும் குறைத்தான்; பவுலின் நிருபங்களில் பத்தை ஏற்று அவற்றையும் திருத்தினான். தான் நீக்கியவை பிற்காலத்தோர் நுழைத்தவை என்பதே அவன் சொன்ன காரணம். ரோமாபுரிச் சபை 144ஆம் ஆண்டில் அவனை விலக்கியது. மார்சியோன் கல்நெஞ்சன் அல்லன். அருளின் இனிமையை மிகுதியாகச் சுவைத்தவன். தனக்கு இனித்ததை மட்டுமே உண்மையென்று கொண்டதே அவனுடைய தவறு.

லூத்தரின் கதை வேறு. 1522இல் தாம் வெளியிட்ட ஜெர்மானியப் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், பிற நூல்களோடு ஒப்பிட்டு யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பாக அவர் குறித்ததை மாணவர் அறிவர். எபிரேயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் ஆகிய நான்கையும் இறுதியில் வைத்து, அட்டவணையில் அவற்றுக்கு எண்ணும் இடாது விட்டார். டி.கே.சி.யின் துணிவுக்கு இது சற்றும் குறைந்ததன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. லூத்தர் தம் கருத்தை முன்னுரையில் எழுதினார். நிருபத்தையோ முழுமையாக மொழிபெயர்த்து நூலுக்குள்ளேயே வைத்தார். வாசகன் முன்னுரையையும் நிருபத்தையும் ஒருங்கே கையிலெடுத்து, லூத்தர் சொல்வது சரியா என்று தானே தீர்மானிக்கலாம். பிற்பதிப்புகளில் அந்தக் கடுஞ்சொல்லை லூத்தரே நீக்கிவிட்டார். நிருபம் இருந்தது, கருத்து மறைந்தது. முறை தலைகீழாக இருந்திருந்தால் நம் இழப்பு எத்தகையது! ஏழையையும் செல்வனையும் ஆலயத்தில் வேறுபடுத்தி அமர்த்துவோரைக் கடியும் அந்நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், நம் நாட்டுச் சபைகளுக்கு வேறெந்தப் பகுதியையும்விடத் தேவையானது அன்றோ?

மூலபாட ஆய்வு கற்போர் பெங்கெலின் பெயரை அறிவர். ஜெர்மானிய பக்தி இயக்கத்தைச் சார்ந்த இவ்வறிஞர் 1734இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தபோது ஒரு நெறியை வகுத்தார். இரு பாடபேதங்களுள் ஒன்று எளிதாகவும் மற்றொன்று கடினமாகவும் இருப்பின், கடினமானதையே மூலத்துக்கு அண்மையானதாகக் கருதவேண்டும் என்பது அது. காரணம் தெளிவு. படியெடுப்போர் கரட்டைச் செப்பனிடுவர். செப்பமானதைக் கரடாக்க மாட்டார். இந்நெறிக்கும் விலக்குகள் உண்டு. பொருளே அற்ற எழுத்துப்பிழையை அது காப்பாற்றாது. ஆயினும் அதன் உட்கருத்து ஆழமானது. எனக்கு வழுவழுப்பாகத் தோன்றும் பாடத்தை நான் ஐயுற வேண்டும். ஏனெனில் என்னைப் போன்ற ஒருவன் எனக்கு முன்னரே அதைத் தேய்த்திருக்கக் கூடும். டி.கே.சி.யின் நெறி இதற்கு நேர்மாறானது. இனியதே மூலம் என்றார் அவர்.

ஆனால் டி.கே.சி.யின் சார்பில் ஒரு சாட்சியையும் நான் அழைத்தாக வேண்டும். விபசாரத்தில் பிடிக்கப்பட்ட பெண்ணின் வரலாறு, யோவான் ஏழாம் அதிகாரத்தின் கடைசி வசனம் தொடங்கி எட்டாம் அதிகாரத்தின் பதினோராம் வசனம்வரை உள்ள பகுதி, மிகப் பழைய ஏடுகளில் இல்லை. நான்காம் நூற்றாண்டின் சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அது காணப்படவில்லை. அவற்றுக்கு முற்பட்ட பாப்பிரஸ் சுவடிகளிலும் இல்லை. சில ஏடுகள் அதனை லூக்காவில் வைத்திருக்கின்றன. ஏட்டின் சாட்சியை மட்டும் கேட்டால், அப்பகுதி யோவான் எழுதியது அன்று என்றே கூறவேண்டும். ஆயினும் எந்தச் சபையும் அதனை எறிந்துவிட மனங்கொள்ளவில்லை. இது நம் ஆண்டவரின் செயலே என்று சபையின் உள்ளம் அடையாளம் கண்டுகொண்டது. உள்ளமும் ஒரு சாட்சி என்பதை இதனால் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் உள்ளத்தின் சாட்சி இங்கே என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். ஏடுகள் விட்டதை அது காத்தது. ஏடுகள் தந்ததை நீக்கவில்லை. அது ஒருவருடைய உள்ளமும் அன்று. பல நூற்றாண்டுகளில் பல நாடுகளில் வாழ்ந்த சபையின் உள்ளம். புதிய மொழிபெயர்ப்புகள் பல அப்பகுதியை அடைப்புக்குறிக்குள் இட்டோ அடிக்குறிப்புத் தந்தோ வெளியிடுகின்றன. வாசகனிடத்தில் உண்மையை மறையாமலும், சபை நேசித்ததை எறியாமலும் இருப்பதற்கு அந்தச் சிறு அடைப்புக்குறி போதுமானதாயிற்று. கம்பனிலும் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் ஐயத்துக்குரியவற்றை மிகைப் பாடல்கள் என்று தனியே வைத்து அச்சிட்டனர். டி.கே.சி.யும் அவ்வாறு செய்திருந்தால் புலவர்க்கும் அவருக்கும் பகை மூண்டிராது.

5. கிறிஸ்தவக் கம்பனுக்கு என்ன நேரும்?

டி.கே.சி.யின் அளவுகோலை நம்முடைய காவியத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் 1827இல் வைணவ குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட யாத்திரைக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களில் 3766 பாடல்களாக அமைந்தது. கம்பனிடம் பயின்ற கையாலேயே அது எழுதப்பட்டது. அதனாலேயே அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்கிறோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்நூலை முதன்முறை வாசித்தபோது பல படலங்களில் நான் களைத்துப்போனேன். தத்துவங்களுக்கு மனிதப் பெயர் சூட்டி நடமாடவிடும் பனியனின் முறை, அவருடைய எளிய உரைநடையில் உயிர்பெறுவதுபோல விருத்தத்தில் எல்லா இடத்தும் உயிர்பெறவில்லை. வடசொற்கள் சில இடங்களில் ஓசையைப் பாரப்படுத்துகின்றன. ஆனால் ஆண்டவரின் பாடுகளைக் கூறும் இரட்சணிய சரிதப் படலத்துக்கு வந்ததும் நூல் வேறாகிவிட்டது. அங்கே கவிஞர் பனியனை விட்டு நீங்கி, நற்செய்தியின் நடுவே தாமே நிற்கிறார். இடையிடையே வரும் தேவாரப் பாடல்களும் அவ்வாறே. டி.கே.சி. இந்நூலைப் பதிப்பித்திருந்தால் இவற்றையே வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவ்வாறு பதிப்பித்த நூலை நானும் விரும்பி வாங்கியிருப்பேன்.

அங்கே ஒன்று தவறிப்போயிருக்கும். யாத்திரையின் நீண்ட, சலிப்பூட்டும் வழியைக் கடந்து சிலுவையண்டை வந்து சேர்பவனுக்கே பாரம் இறங்கியது தெரியும். வழியை விலக்கிவிட்டுச் சிலுவைக் காட்சியை மட்டும் தருவது, நடவாதவனிடம் இளைப்பாறுதலைப் பற்றிப் பேசுவதாகும். கிருஷ்ணபிள்ளையின் தளர்ந்த படலங்களை நான் இன்றும் சிறந்த கவிதையென்று சொல்லமாட்டேன். அவை அங்கே இருக்க வேண்டியவை என்று மட்டும் சொல்லுவேன்.

6. என் குறிப்பேடு

இனிக் கூறப்போவது என்னைப் பற்றியது.

ஊழியத்தின் தொடக்கம் முதல், ஒவ்வொரு ஞாயிறும் நான் அருளுரைக்கு எடுத்துக்கொண்ட பகுதியை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது வழக்கம். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கடையநல்லூருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் வாலிபன் ஒருவனை அடக்கம் செய்தோம். அவன் தாய்க்கு அவன் ஒரே பிள்ளை. மேய்ப்பனின் சங்கீதத்தை எடுத்துப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பலரும் கூறினர். சில வாரங்கள் கழித்து அந்தத் தாயைச் சந்திக்கச் சென்றபோது அவர் என்னைக் கேட்டார்: "ஐயா, வேதத்துல என்னை மாதிரி அழுதவ ஒருத்தியுமே இல்லையா? எல்லாரும் ஆறுதலாத்தான் இருந்திருக்காங்களா?"

வீட்டுக்கு வந்து குறிப்பேடுகளைப் புரட்டினேன். சங்கீதம் 23, ஏசாயா 40, லூக்கா 15, யோவான் 3, ரோமர் 8, முதலாம் கொரிந்தியர் 13 என்று அதே பகுதிகள் ஆண்டுக்காண்டு திரும்பி வந்தன. புலம்பல் நூலில் நடுவேயுள்ள நம்பிக்கை வசனங்கள் மட்டும் இருந்தன. அவற்றைச் சூழ்ந்திருக்கும் அழுகை இல்லை. ஆறுதலின்றியே முடியும் எண்பத்தெட்டாம் சங்கீதம் ஒருமுறையேனும் இல்லை. நூற்றுமுப்பத்தேழாம் சங்கீதத்தை எடுத்தபோதெல்லாம், கொடுமையான இறுதி வசனங்களுக்கு முன்னரே நிறுத்தியிருந்தேன். டி.கே.சி. கம்பனுக்குச் செய்ததை நான் கண்டித்துப் பேசியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் அதே வேலையை நான் திருமறைக்குச் செய்திருந்தேன். அவர் செய்ததை அறிந்து செய்தார். அச்சிட்டு, தம் பெயரை இட்டு, ஏச்சையும் ஏற்றுக்கொண்டார். நான் அறியாமலே செய்தேன்; எவரும் என்னை ஏசவில்லை.

மறுமுறை சென்றபோது அந்தத் தாய்க்கு இரண்டாம் சாமுவேல் இருபத்தோராம் அதிகாரத்தை வாசித்தேன். அது சுவையான அதிகாரம் அன்று. பஞ்சம் தீரவேண்டுமென்று சவுலின் வீட்டார் எழுவர் தூக்கிலிடப்படுகின்றனர். அவர்களுள் இருவர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் பாறையின்மேல் இரட்டை விரித்து, அறுப்பின் தொடக்கம் முதல் வானத்திலிருந்து மழை பெய்யும் நாள்வரை அங்கேயே இருந்து, பகலில் பறவைகளும் இரவில் விலங்குகளும் அவ்வுடல்களை அணுகவிடாமல் காத்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாகவும் அதிகாரம் கூறவில்லை. அவளுக்கு ஆறுதல் சொன்னவர் எவருமில்லை. இறுதியில் தாவீதின் செவிக்கு அச்செய்தி எட்டுகிறது. அவன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்கிறான். இந்த அதிகாரத்தின் நீதியை விளக்க எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. நான் திருமறையின் பதிப்பாசிரியனாக இருந்திருந்தால் முதலில் நீக்கியிருக்கும் பகுதிகளில் இது ஒன்று.

அந்தத் தாய் அதை மீண்டும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அவ பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவ்வளவே நடந்தது. அதற்குமேல் நடந்ததாகச் சொல்லி இக்கதையை நான் இனிப்பாக்க விரும்பவில்லை.

டி.கே.சி.யும் தம் மகனை இளவயதில் பறிகொடுத்தவர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அப்போது ஆறுதற்பா ஒன்றை எழுதியனுப்பினார். அப்பாடலை அவர் பெரிதும் போற்றினார் என்று அன்பர்கள் எழுதியிருக்கின்றனர். துயரத்தின் நடுவிலும் கவிதையின் அழகு அவரைத் தாங்கியது என்பதை நான் ஐயுறவில்லை. அதற்காக அவரை வணங்குகிறேன். ஆனால் எல்லாத் துயரத்துக்கும் ஒரு கவிமணி வாய்ப்பதில்லை. அழகிய பாடல் கிடையாதவர்களுக்கென்றே திருமறை தன் அழகற்ற பக்கங்களை வைத்திருக்கிறது.

7. முடிவாக

ரசிகமணியைப் பற்றிய என் தீர்ப்பைச் சுருக்கமாகக் கூறுவேன். வாசகராக அவருக்கு இணையானவர் அவர் காலத்தில் வெகுசிலரே. அவரால் கம்பன் ஏட்டிலிருந்து நாவுக்கு வந்தான். பதிப்பாசிரியராக அவரை ஏற்க இயலாது. தம் சுவைக்கும் நூலுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியை அவர் அழித்துவிட்டார். ஆயினும் கம்பனின் முழு நூல் அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஆகவே அவரால் கேடு விளைந்ததாகச் சொல்ல முடியாது. விரும்புவோர் முதலில் அவரிடம் சென்று, பின்பு முழு நூலுக்குச் செல்லலாம். நான் அவ்வாறே சென்றேன்.

போதகர்க்கு அந்த வசதி இல்லை. நம் சபையாரில் பலருக்கு, ஞாயிறுதோறும் நாம் எடுக்கும் பகுதியே முழுத் திருமறை. நாம் விட்டதை அவர்கள் தேடிச் செல்லும் வேறு அலமாரி இல்லை. ஆகையால் மாணவர்க்கு இரண்டு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். உங்களுக்குப் பிடித்த பகுதிகளை, டி.கே.சி. பாடலைச் சொன்னதுபோல, வாயாரச் சொல்லுங்கள்; பிடிக்காததைப் பிடித்ததாக நடியாதிருங்கள். அதனோடு, ஒரு குறிப்பேட்டை வாங்கி, நீங்கள் அருளுரைக்கு எடுக்கும் ஒவ்வொரு பகுதியையும் எழுதிவையுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து, அதில் இல்லாதவை எவை என்று பாருங்கள். அடுத்த ஐந்தாண்டுக்கு வேண்டிய பாடங்கள் அங்கேயே கிடைக்கும்.